ஆசையாக ஹோட்டலுக்குப் போய் ஏமாந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

உண்டு. அப்பாவின் 70ஆவது பிறந்தநாளன்று. பீமரத சாந்தி எல்லாம் வேண்டாம், எல்லோருமாக எங்காவது போய் நன்றாகச் சாப்பிட்டு வரலாம் என்றார். அவருக்குச் சொந்த ஊர் செட்டிநாட்டில் தேவகோட்டைப் பக்கம். அதனால் சென்னையில் 'செட்டிநாடு' என்று பலகை மாட்டிய பெரிய ஹோட்டல் ஒன்றில் டேபிள் சொல்லி வைத்தேன். பெயர் வேண்டாம்.

தரையில் ஆத்தங்குடிக் கல், ஆளுயரத்துக்கு மரத்தூண்கள். அப்பா போகிற போக்கில் ஒரு தூணைத் தட்டினார். டொக் டொக் என்றது. பிளைவுட்! எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

உப்புக்கறி, நண்டு மசாலா, கோழி, வெள்ளைப் பணியாரம் சொன்னோம். முக்கால் மணி நேரம் கழித்து மூன்று கிண்ணங்கள் வந்தன. மூன்றிலும் ஒரே செம்பழுப்பு கிரேவி, மேலே ஒரே மாதிரி கொத்தமல்லி. எது உப்புக்கறி என்று சர்வரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

எங்கள் வீட்டு உப்புக்கறிக்கு ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, விதை உதறிய வரமிளகாய், மஞ்சள், உப்பு, நல்லெண்ணெய். அவ்வளவுதான். கரம் மசாலாவுக்கு அங்கே வேலையே இல்லை. கறி வெந்து சுருண்டு, மிளகாய் முழுசு முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே வந்ததோ தக்காளி முந்திரிக் குழம்பு. அப்பா ஒரு துண்டை எடுத்து, இலை ஓரத்தில் தேய்த்துத் தேய்த்து கிரேவியை வழித்துவிட்டு வாயில் போட்டார். "கறி நல்ல கறிதான்" என்றார். அதற்கப்புறம் அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை.

பணியாரத்தைக் கடித்ததும் அம்மா முகம் சுளித்தார். தலைதட்டிய ஒரு ஆழாக்குப் பச்சரிசி, அதன்மேல் கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்து. ஊற வைத்து, அரைத்து, புளிக்க விடாமல் எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி எடுப்பது அது. தட்டில் இருந்தது நேற்றைய தோசை மாவு.

வெங்காயம் தக்காளி வதக்கி அண்டா நிறைய கிரேவி செய்து வைத்துக்கொண்டு, நண்டைப் போட்டால் நண்டு மசாலா, கோழியைப் போட்டால் கோழி மசாலா என்று ஓட்டுவது பல பெரிய கிச்சன்களில் வழக்கம்தான். பத்துப் பக்க மெனு வைத்தால் வேறு வழியும் இல்லை. செய்துகொள்ளட்டும். அதற்கு ஏன் உப்புக்கறியின் பெயர்?

கடைசியில் அப்பா, "தம்பி, கொஞ்சம் ரசம் கிடைக்குமா?" என்றார். மெனுவில் இல்லை. அந்தப் பையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எங்க சாப்பாட்டுக்கு வெச்சது இருக்கு சார், பரவாயில்லையா?" என்று ஒரு டம்ளரில் கொண்டுவந்தான். மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட, சூடு பறக்கிற ரசம். அப்பா வெறும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொண்டார்.

பில்லில் 5% ஜிஎஸ்டி போக, 10% சேவைக் கட்டணம். கேட்காமல் அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. மேனேஜரிடம் சொன்னேன். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடவா என்றதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்.

ரசம் பில்லில் இல்லை. அப்பா வெளியே வரும்போது அந்தப் பையனைத் தேடிப் போய் 200 ரூபாயைக் கையில் திணித்துவிட்டு வந்தார்.