முதல் கைத்துப்பாக்கி சின்னதாக இருக்கலாமா?

முதல் துப்பாக்கியைக் கைக்கு அடக்கமாகச் சின்னதாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பலரும் சறுக்குவது இங்கேதான்: எடை குறைந்த துப்பாக்கியில் அதே தோட்டா கையை இன்னும் பலமாக உதைக்கும், அந்த உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும், மணிக்கட்டு கீழே சாயும், குறி தப்பும். நடுத்தர அளவில் 9 மி.மீ. தோட்டா போடும் துப்பாக்கியை எடுங்கள், பழக மட்டும் என்றால் அதைவிடச் சின்ன .22 தோட்டா போடுவது போதும், தோட்டாவும் மலிவு. காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிடித்துப் பாருங்கள், ஆள்காட்டி விரலின் நுனிச் சதை விசையில் சிரமமில்லாமல் உட்காருகிறதா, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை) முழுசாகப் பின்னால் இழுக்க முடிகிறதா? அப்புறம், முடிந்தால் பயிற்சிக் களத்தில் வாடகைக்கு எடுத்து 50 தோட்டாவாவது சுடுங்கள். கடையில் சுகமாக இருந்த பிடி அங்கே உள்ளங்கையைக் கடிக்கலாம். உரிமம், பூட்டுப் பெட்டி, காதுக் கவசம் எல்லாவற்றையும் பட்ஜெட்டில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.