கண்ணாடியைத் திறந்துவிட்டால் புகை போய்விடுமா?

தங்கச்சி, கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும்போதெல்லாம் மாமா காருக்குள் சிகரெட் பிடிக்கிறார், நாலு வயதுப் பிள்ளைக்கு முட்டு வருத்தம் (இழுப்பு), சொன்னால் "கண்ணாடி திறந்துதானே இருக்கு" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

கண்ணாடியைத் திறந்தால் போதாது. ஓடும் காரில் காற்று சுழன்று புகையைப் பின் சீட்டுக்கும் கொண்டுபோகும். பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள். சிகரெட்டை அணைத்த பிறகும் புகை சீட் துணியில் ஒட்டிக் கிடக்கும். எங்கள் அப்பாவின் பழைய வான் வண்டியில் சீட் பெல்ட்டை இழுத்தாலே அந்த நாற்றம்தான்.

இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டவர் இருக்கும் காரில் புகைப்பதை 2015 ஒக்டோபர் முதல் சட்டமே தடுக்கிறது. ஆனால் மாமாவிடம் சட்டம் பேசப் போகாதீர்கள், கோபம்தான் வரும்.

கணவரைக் கொண்டு சொல்லுங்கள். "விட்டுவிடுங்கள்" என்றல்ல, "காருக்குள் மட்டும் வேண்டாம்" என்று. களுவாஞ்சிகுடியில் ஒரு தேத்தண்ணிக்கு நிறுத்தினால் இறங்கி, தள்ளி நின்று பிடிக்கட்டும். அப்புறம், சாம்பல் தட்டைக் கழுவி அதில் பிள்ளையின் டொபிகளைப் போட்டு வையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பேத்தியின் டொபிக்கு மேல் சாம்பல் தட்ட அப்பாவுக்குக் கை வரவில்லை.