கவுடி ஓல்டு ஸ்டைல்: எழுத்துரு குறித்த கேள்வி பதில்

கேள்வி: கவுடி ஓல்டு ஸ்டைலை அலங்கார எழுத்துரு என்கிறார்கள். எனக்குச் சாதாரணப் புத்தக எழுத்தாகவே தெரிகிறதே?

பதில்: 10 புள்ளி (எழுத்தின் அளவைக் குறிக்கும் அலகு) அளவில் அப்படித்தான் தெரியும். ஒரு சொல்லை 72 புள்ளிக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்துகளான 'ஐ', 'ஜே' ஆகியவற்றின் தலைமேல் இருப்பது வட்டம் அன்று. பட்டை முனைப் பேனாவைச் சாய்த்து ஒற்றி எடுத்தாற்போன்ற சாய்சதுரம். முற்றுப்புள்ளியும் அதே வடிவந்தான். சிறிய 'ஜி'யின் தோளில் முளைத்த, காது எனப்படும் சிறு கோடு, பக்கவாட்டில் நீளாமல் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். பெரிய 'ஈ', 'எல்' இரண்டின் அடிக்கோடுகளும் அளவுகோல் வைத்து இழுத்தவை போல் இல்லாமல் மெல்ல நெளிந்து ஓடும். அலங்காரம் முழுவதும் இத்தகைய நுணுக்கங்களில் அடங்கியிருப்பதால்தான் பக்கம் பக்கமாகப் படித்தாலும் கண் சலிப்பதில்லை.

கேள்வி: கீழே இறங்கும் வால்கள் மட்டும் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கின்றன?

பதில்: ஃபிரெடெரிக் கவுடி இதை 1915இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக வரைந்தார். உலோக அச்சுக்காலத்தில், ஒரே அளவுள்ள வெவ்வேறு எழுத்துருக்களை ஒரே வரியில் கோத்தாலும் அவற்றின் அடிக்கோடு (எழுத்துகள் அமர்ந்திருக்கும் கற்பனைக் கோடு) பிசகாதிருக்க, எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அடிக்கோட்டை அந்நிறுவனம் வைத்திருந்தது. அக்கோட்டுக்குக் கீழே எஞ்சிய இடமோ மிகக் குறைவு. அதற்குள் அடக்குவதற்காக 'பி', 'க்யூ', 'ஜி', 'ஒய்' ஆகியவற்றின் வால்களைக் குறுக்க கவுடி இணங்கினார்; இணங்கியதற்காகப் பின்னர் வருந்தவும் செய்தார். அவருடைய வருத்தம் நியாயமானதே என்பது என் கருத்து. குறிப்பாக 'ஜி'யின் கீழ்வளையம் நசுங்கியே நிற்கிறது.

கேள்வி: எவற்றுக்குப் பயன்படுத்தலாம்?

பதில்: நூலின் முகப்புப் பக்கம், கவிதை, அழைப்பிதழ், இதழ்த் தலைப்பு ஆகியவற்றுக்கு மிகப் பொருந்தும். பெரிய எழுத்துகளை மட்டும் கொண்டு தலைப்பு அமைத்தால், எழுத்துகளுக்கு இடையே சற்றுக் காற்றோட்டம் விடுங்கள். கல்வெட்டின் கம்பீரம் வந்துவிடும். அட்டவணைக்கும் செயலித் திரைக்கும் வேண்டாம்.

கேள்வி: உரைப்பகுதிக்கு எந்த அளவு ஏற்றது?

பதில்: சிறிய எழுத்துகளின் உடல் உயரம் குறைவு. ஆகவே வேறோர் எழுத்துருவில் 10 புள்ளி வைக்கும் இடத்தில் இதற்கு 11 அல்லது 12 வையுங்கள். வால் குட்டை என்பதற்காக வரிகளை நெருக்கிவிடாதீர்கள்.

கேள்வி: இலவசமாகக் கிடைக்குமா?

பதில்: இதை மூலமாகக் கொண்டு பேரி ஷ்வார்ட்ஸ் உருவாக்கிய 'சார்ட்ஸ் மில் கவுடி' திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. நேரெழுத்தும் சாய்வெழுத்தும் உண்டு. தடித்த எழுத்து இல்லை. மென்பொருளின் தடிப்புப் பொத்தானை அழுத்தி அக்குறையை ஈடுசெய்ய முயலாதீர்கள். அது கோடுகளைச் சுற்றிலும் ஊதவைப்பதால் சாய்சதுரப் புள்ளிகளின் கூர்முனை மழுங்கி, நிமிர்ந்த காதும் வீங்கிவிடும். அழுத்தம் தேவைப்படும் இடத்தில் சாய்வெழுத்தையே கையாளுங்கள்.