துணியா, டயப்பரா?

கேள்வி: பாப்பாவுக்கு 2 மாசம். மாமியார் பழைய வேட்டித் துணிதான் கட்டணும்ங்கறாங்க, எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல, டயப்பர் போட்டா தப்பா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தப்பெல்லாம் ஒண்ணுமில்லம்மா. பகல்ல துணி, ராத்திரியும் வெளிய போறப்பவும் டயப்பர், நிறைய வீட்ல இப்படித்தான் ஓடுது. எல்லாத்துக்கும் டயப்பர்னா பர்ஸ் தாங்காது, ஐப்பசி மழையில கொடியில துணி காயாம தொங்குறப்ப துணி மட்டும்னா நீங்க தாங்க மாட்டீங்க. டயப்பருக்குள்ள இருக்கற ஜெல் ஈரத்தை இழுத்துக்கும்தான், அதுக்காக விடிய விடிய விட்டுடாதீங்க, மோஷன் போனா உடனே மாத்திடணும். துணி துவைக்கறப்ப துணியை மிருதுவாக்கற வாசனை லிக்விட் (ஃபேப்ரிக் கண்டிஷனர்) ஊத்தாதீங்க, அப்புறம் ஈரம் சரியா உறிஞ்சாது. தடிப்பு வந்தா கொஞ்ச நேரம் எதுவும் கட்டாம காத்தாட விடுங்க, 2-3 நாள்ல குறையலைன்னா டாக்டர்கிட்ட காட்டிடுங்க. துணி கட்டற வேலைய மாமியார்கிட்டயே விட்டுடுங்க, அவங்க முடிச்சு அவ்ளோ சீக்கிரம் அவிழாது!