மானியம் எந்தப் பயிரை வளர்க்கிறது? கேள்விகளும் பதில்களும்

விவசாய மானியம் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொன்னதும், நினைத்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டன. பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: மானியத்தால் வயலில் பயிர் வகை கூடுகிறதா, குறைகிறதா? வேளாண் பொருளாதாரத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மானியம் கிடைத்தால் விவசாயி கையில் நாலு காசு இருக்கும். காசு இருந்தால் புதுப் பயிர்களைத் துணிந்து போட்டுப் பார்க்கலாமே. அப்புறம் ஏன் மானியத்தால் பயிர் வகை குறைகிறது என்கிறார்கள்?

பதில்: எந்தப் பயிர் போட்டாலும் கிடைக்கும் பணமாக இருந்தால் நீங்கள் சொல்வது நடக்கலாம். ஆனால் பெரும்பாலான மானியங்கள் ஒரு குறிப்பிட்ட பயிரின் வால் பிடித்துத்தான் வருகின்றன. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பயிரில் வருடத்துக்கு 30 லாபம். அரசே வாங்கிக்கொள்வதால் மூன்று வருடமும் அதே 30. இன்னொரு பயிரில் ஒரு வருடம் 80, ஒரு வருடம் 40, ஒரு வருடம் 15 நஷ்டம். சராசரி 35. காகிதத்தில் இரண்டாவதுதான் மேல். ஆனால் அந்த நஷ்ட வருடம் முதலில் வந்துவிட்டால்? வாங்கிய கடனுக்கு வட்டி ஏறும், அடுத்த போகத்துக்கு விதை வாங்கக் காசு இருக்காது. 80 வரும் வருடம்வரை அவர் தாக்குப்பிடிக்க வேண்டுமே. அதனால் விவரம் தெரிந்த விவசாயியும் முதல் பயிரையே போடுவார். கடன் கொடுப்பவரும் அதைத்தான் போடச் சொல்வார்.

ஆக, மானியத் தொகை எவ்வளவு என்பதைவிட, எந்தப் பயிரிலிருந்து நஷ்ட பயத்தை அது எடுத்துவிடுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

கேள்வி: இந்தியாவில் 20-க்கும் மேற்பட்ட பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறார்கள். அப்படியிருந்தும் பஞ்சாபில் நெல்லும் கோதுமையும் மட்டுமே தெரிகிறது. விவசாயிகளின் பிடிவாதம்தான் காரணமா?

பதில்: பிடிவாதம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். விலையை அறிவிப்பது ஒன்று, அந்த விலைக்கு மூட்டையை வாங்கிக்கொள்வது வேறொன்று. பஞ்சாபில் அரசு பெரிய அளவில், வருடம் தவறாமல் கொள்முதல் செய்வது கோதுமையையும் நெல்லையும்தான். பருப்புக்கும் எண்ணெய் வித்துக்கும் விலை அறிவிப்பு உண்டு. மண்டியில் அந்த விலைக்கு ஆள் கிடைப்பது நிச்சயமில்லை.

நெல் அந்த மண்ணின் பழைய பயிரும் அல்ல. 1960-61-ல் பஞ்சாபில் நெல் சுமார் 2.27 லட்சம் ஹெக்டேரில்தான் இருந்தது. இப்போது 30 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. நிச்சயமான கொள்முதலோடு, 1997-லிருந்து, நடுவில் சில வருடங்கள் நீங்கலாக, பம்புசெட்டுக்கு இலவச மின்சாரமும் சேர்ந்தது. யூரியாவும் மலிவு. தண்ணீரும் உரமும் அதிகம் கேட்கிற பயிருக்குத்தான் இவை இரண்டும் அதிகம் உதவும். குறைந்த தண்ணீரில் விளையும் பருப்புக்கு இலவச மின்சாரத்தால் என்ன பெரிய லாபம்? அந்தச் சலுகையின் விதியில் ‘நெல்’ என்ற சொல்லே கிடையாது. ஆனால் பாரபட்சம் நடக்கிறது.

இதன் விளைவு யாருக்கும் தெரியாமல் போகவில்லை. வேளாண் பொருளாதார நிபுணர் எஸ்.எஸ். ஜோல் தலைமையிலான குழு 1986-லேயே நெல், கோதுமைப் பரப்பில் 20 சதவீதத்தை வேறு பயிர்களுக்கு மாற்றச் சொன்னது. பரப்பு குறையவில்லை, கூடியது. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனதால், சீக்கிரமே நடவு செய்வதைத் தடுக்க 2009-ல் சட்டம் வந்தது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைப்பதற்குள் வயலைச் சுத்தம் செய்யக் கிடைக்கும் நாட்கள் சுருங்கின. வைக்கோலை எரிப்பது ஏன் இவ்வளவு நெருக்கமாக ஒரே சமயத்தில் நடக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டே பயிர்கள் மாறி மாறி ஓடும் இடத்தில், ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று இடிக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் அரசு கொள்முதல் கிடையாதே. அங்கே மட்டும் ஏன் மக்காச்சோளமும் சோயாவுமாக இருக்கிறது?

பதில்: அங்கே அந்த வேலையைப் பயிர்க் காப்பீடு செய்கிறது. பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதம் அளவுக்கு அரசே கட்டுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பயிர்களுக்குக் காப்பீடு உண்டு என்றாலும், காப்பீடு செய்த பயிர் நிலத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம், சோயா, கோதுமை, பருத்தி போன்ற சில பயிர்களுக்கே போகிறது.

விண்ணப்பத்தை ஒருமுறை பார்த்தால் காரணம் விளங்கும். வழக்கமான பாலிசியில், அந்தப் பயிரில் உங்கள் நிலம் தந்த விளைச்சல் என்ன என்று குறைந்தது 4 வருடம், அதிகபட்சம் 10 வருடக் கணக்கு கேட்பார்கள். மக்காச்சோளத்துக்கு எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். புதிதாக ஓட்ஸோ பட்டாணியோ போட நினைப்பவரின் கட்டங்கள் காலி. காலிக் கட்டத்துக்குப் பொதுச் சராசரியிலிருந்து ஒரு பங்கை எடுத்து நிரப்புவார்கள், பாதுகாப்பு குறைந்துபோகும். இரண்டு பயிரைக் கலந்து விதைத்தால் இன்னும் சிக்கல்.

1996-ல் வந்த சட்டம், பழைய கணக்கை வைத்துப் பணம் தருகிறோம், நீங்கள் விரும்பிய பயிரைப் போடுங்கள் என்றது. நல்ல திருப்பம்தான். ஆனால் மானியக் கணக்கில் இருந்த நிலத்தில் காய்கறி, பழம் போடுவதற்கு மட்டும் கட்டுப்பாடு தொடர்ந்தது. ஏற்கெனவே காய்கறி விளைவிப்பவர்களுக்கு மானியம் வாங்கும் போட்டியாளர்கள் வந்துவிடக் கூடாது என்பது நோக்கம். அதன் பிறகு 2005-லும் 2007-லும் வந்த எரிபொருள் சட்டங்கள், பெட்ரோலில் எத்தனாலைக் கலப்பதைக் கட்டாயமாக்கின. மக்காச்சோளத்துக்கு உறுதியான இன்னொரு வாடிக்கையாளர் கிடைத்தார்.

எல்லாப் பழியையும் மானியத்தின் தலையில் போடுவதும் நியாயமில்லை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு காலத்தில் லட்சக்கணக்கான ஏக்கரில் ஓட்ஸ் இருந்தது. அது பெரிய அளவில் குதிரைத் தீவனம். டிராக்டர் வந்து குதிரை போனதும் தேவையும் போயிற்று. அதன்பின் கிடங்குகளும் அறுவடை இயந்திரங்களும் இரண்டு பயிருக்கு ஏற்றபடியே அமைந்துவிட்டன. இன்று ஒருவர் ஓட்ஸ் போட்டால், விளைந்ததை எங்கே கொண்டுபோய் விற்பது என்பதே முதல் தலைவலி.

கேள்வி: பேசாமல், மூன்று பயிர் போட்டால்தான் மானியம் என்று நிபந்தனை வைத்துவிட்டால் என்ன?

பதில்: ஐரோப்பிய ஒன்றியம் அப்படித்தான் வைத்தது. 2015 முதல், 10 ஹெக்டேருக்கு மேல் சாகுபடி நிலம் இருந்தால் இரண்டு பயிர், 30-க்கு மேல் இருந்தால் மூன்று பயிர், முதல் பயிர் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் பெரும்பாலான பண்ணைகள் ஏற்கெனவே இந்த அளவைத் தொட்டிருந்தன, அல்லது விலக்கு பெற்றிருந்தன. குளிர்கால பார்லியும் வசந்தகால பார்லியும் தனித்தனிப் பயிராகவே கணக்கில் எடுக்கப்பட்டன. ஒன்றியத்தின் தணிக்கை நீதிமன்றம் 2017-ல் வெளியிட்ட அறிக்கை, இந்த விதி உட்பட மானியத்துக்கு வைத்த பசுமை நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்து விவசாய முறையை மாற்றியது சுமார் 5 சதவீத நிலத்தில்தான் என்றது. இன்னொன்றும் உண்டு: மூன்று பயிர் இருந்தால் போதும் என்றுதான் அந்த விதி சொன்னது. ஒரே வயலில் வருடா வருடம் பயிர் மாற வேண்டும் என்று கேட்கவில்லை. மண்ணுக்கும் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கும் பயன் தருவது அந்தச் சுழற்சிதான். 2023-ல் தொடங்கிய புதிய கொள்கையில் பயிர் சுழற்சியைச் சேர்த்தார்கள்.

கேள்வி: மானியத்தையே எடுத்துவிட்டால் சந்தை தானாகவே பல பயிரைக் கொண்டுவராதா?

பதில்: கொஞ்சம் வரும், ஆனால் தங்கும் என்று உறுதியில்லை. நியூசிலாந்து 1984-ல் விவசாய மானியத்தை ஏறக்குறைய முழுசாகவே நிறுத்தியது. அதற்கு முன் ஆட்டுக்கு விலை உத்தரவாதம் இருந்ததால், 1982-ல் 7 கோடி ஆடுகள். இப்போது 3 கோடிக்கும் குறைவு. அந்த இடத்துக்குத் திராட்சை, மான் வளர்ப்பு, காடு வளர்ப்பு என்று பலதும் வந்தன. பெரும்பாலான பண்ணைகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் பால் விலை ஏறியதும் ஏராளமான நிலம் மாட்டுப் பண்ணையாக மாறியது. மானியம் இல்லாத இடத்திலும் லாபம் ஒரே பக்கம் சாய்ந்தால் நிலமும் அந்தப் பக்கமே சாயும்.

கேள்வி: ஏழை நாடுகளில் முதலில் வயிறு நிரம்பட்டுமே. பயிர் வகை பற்றிய கவலை பணக்கார நாட்டு ஆடம்பரம் இல்லையா?

பதில்: வயிறு நிரம்புவதுதான் முதல் கவலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆப்பிரிக்க நாடான மலாவி 2005-ல் பஞ்சத்தை நெருங்கியபோது மக்காச்சோள விதைக்கும் உரத்துக்கும் மானியம் கொடுத்தது. அந்த நிலைமையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே பயிரை நம்பிய ஊரில் மழை பொய்த்தால் எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் அடுப்பு அணைகிறது. அதனால்தான் அங்கே பிறகு பயறு வகை விதைகளையும் திட்டத்தில் சேர்த்தார்கள். பயறு மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். அடுத்த வருட உரச் செலவும் கொஞ்சம் குறையும். ஏழை விவசாயிக்குத்தான் இரண்டாவது பயிர் ரொம்பத் தேவை.

கேள்வி: ஒரே பயிருக்குள் இருக்கும் ரகங்களும் குறையுமா?

பதில்: குறையும். விதை மானியம் பெரும்பாலும் சான்றளித்த ரகங்களுக்கே கிடைக்கிறது. கொள்முதலில் எல்லா மூட்டைக்கும் ஒரே விலை என்றால், ருசிக்கோ வறட்சி தாங்கும் குணத்துக்கோ தனி விலை இல்லை, எடைதான் பேசும். உலகில் உணவுக்காகச் சுமார் 6,000 தாவர இனங்கள் பயிரிடப்பட்டிருக்கின்றன. மொத்தப் பயிர் உற்பத்தியில் 66 சதவீதத்தை வெறும் 9 பயிர்கள் தருகின்றன என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2019-ல் சொன்னது. இது என்னை உண்மையாகவே பயமுறுத்தும் கணக்கு.

கேள்வி: ஒரு பயிரைப் போடாமல் இருக்கப் பணம் கொடுத்தால்?

பதில்: ஜப்பான் 1970 முதல் 2018 வரை நெல் பரப்பைக் குறைக்கப் பணம் கொடுத்தது. அதே சமயம் இறக்குமதி வரியால் அரிசி விலையை உயர்த்தியும் வைத்திருந்தது. ஒரு கை தள்ள, ஒரு கை இழுக்க, நெல்லை முழுசாக விட யாருக்கும் மனம் வரவில்லை.

கேள்வி: புதிதாக ஒரு பயிர் மாற்றுத் திட்டம் அறிவித்தால், அது தேறுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தலைப்பில் இருக்கும் தொகையை விட்டுவிட்டு மூன்று இடத்தைப் பாருங்கள். விளைந்ததை வாங்குவது யார்? விளையாமல் போனால் நஷ்டம் யாருடையது? எத்தனை வருடத்துக்கு?

ஹரியானா 2020-ல் நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்று அறிவித்தது. மாறும் வருடத்தின் இழப்பை ஈடுகட்ட அது உதவும். ஆனால் நெல்லுக்கு இருக்கும் நிச்சயமான கொள்முதல் புதுப் பயிருக்கும் அதே அளவில் இருந்தால்தான் விவசாயி அடுத்த வருடமும் அதில் நிற்பார். ஒடிசா 2017-ல் தொடங்கிய சிறுதானியத் திட்டம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், விதையோடு நிற்காமல் கேழ்வரகைக் கொள்முதல் செய்து ரேஷனிலும் சேர்த்ததுதான்.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. புதுப் பயிரின் களையும் பூச்சியும் பிடிபடவே சில போகம் ஆகும். அதற்கான இயந்திரத்தின் கடன் அடைய அதைவிட அதிகம் ஆகும். பழத்தோட்டம் என்றால் முதல் காய்ப்புக்கே வருடங்கள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் தொடருமா, தொடராதா என்று தொங்கும் திட்டத்தை நம்பி யார் மரம் நடுவார்? அறிவிப்பில் வருடக் கணக்கு இல்லையென்றால், உங்கள் பகுதி வேளாண் அலுவலரிடம் அதை எழுத்தில் கேளுங்கள்.