கிரேக்கப் புராணங்களில் பாம்பு நல்லதா, கெட்டதா?

பல தலைப் பாம்பு ஹைட்ரா, அப்பொல்லோ கடவுள் கொன்ற ராட்சதப் பாம்பு பைத்தான், அரக்கி மெதூசாவின் பாம்புத் தலைமுடி என்று கிரேக்கக் கதைகளில் பாம்பு பயங்கரமானதாகவே வருகிறதே, அது எப்படி மருத்துவத்தின் சின்னம் ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்துக்கடைப் பலகையில் அந்தப் பாம்பைப் பார்த்து எனக்கும் இதே சந்தேகம் வந்துதான் இந்தக் கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்தவரை எனக்குப் புரிந்தது இதுதான்: கொல்லும் சக்தியும் பிழைக்க வைக்கும் சக்தியும் பாம்பிடம் ஒன்றாகவே இருப்பதாகக் கிரேக்கர்கள் நினைத்தார்கள்.

கிளாக்கஸ் கதையைப் பாருங்கள். கிரீட் தீவின் அரசன் மினோஸின் சின்ன மகன் அவன். தேன் சாடிக்குள் விழுந்து இறந்துபோகிறான். உடலைத் தேடிக் கண்டுபிடித்த குறிசொல்பவர் பாலியிடஸ். உயிரையும் நீயே மீட்டுக் கொடு என்று அவரைப் பிணத்தோடு வைத்துப் பூட்டிவிடுகிறான் அரசன். உள்ளே ஒரு பாம்பு பிணத்தை நோக்கி ஊர்ந்து வருகிறது. பாலியிடஸ் பயந்துபோய் அதை அடித்துக் கொல்கிறார். அப்புறம் இன்னொரு பாம்பு வருகிறது. துணை செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வெளியே போய், ஒரு பச்சிலையோடு திரும்பி வந்து அதன்மேல் போடுகிறது. செத்த பாம்பு அசைகிறது! அதே இலையை எடுத்துச் சிறுவன்மேல் வைக்கிறார் பாலியிடஸ். அவனும் எழுந்துவிடுகிறான்.

மெதூசாவின் ரத்தமும் அப்படித்தான். ஏதென்ஸ் நகரின் காவல் தெய்வமான அத்தீனா அதை மருத்துவக் கடவுள் அஸ்கிலீபியஸிடம் கொடுக்கிறாள். இடப்பக்க நரம்பின் ரத்தம் கொல்லும், வலப்பக்க ரத்தம் இறந்தவரை எழுப்பும். 'ஃபார்மகான்' என்ற கிரேக்கச் சொல்லே மருந்துக்கும் நஞ்சுக்கும் பொது. பாம்புச் சட்டையை அவர்கள் 'கேராஸ்' என்றார்கள். அந்தச் சொல்லுக்கு முதுமை என்றும் பொருள். பாம்பு சட்டை உரிக்கும்போது கிழத்தனத்தையே கழற்றிப் போடுகிறது! இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

கிரேக்க ஊரான எபிடாரஸில் இருந்த அஸ்கிலீபியஸ் கோயிலில் நோயாளிகள் இரவில் படுத்துத் தூங்குவார்கள், கனவில் கடவுள் வந்து குணப்படுத்துவார் என்று நம்பி. அங்கே கிடைத்த கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் கால்விரலில் புண் வந்த ஒருவரின் கதை இருக்கிறது. அவர் தூங்கும்போது பாம்பு வந்து நாக்கால் புண்ணை ஆற்றியது. விழித்தவரோ, அழகான ஓர் இளைஞன் மருந்து தடவியதாகக் கனவு கண்டேன் என்றார். மருத்துவச் சின்னமான அஸ்கிலீபியஸின் தடியில் சுற்றியிருப்பது ஒரே பாம்புதான். இரண்டு பாம்பும் இறக்கையும் இருந்தால் அது தூதுக் கடவுள் ஹெர்மிஸின் கோல். அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு 1902இல் அதைச் சின்னமாக எடுத்துக்கொண்டதிலிருந்து இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றை ஒரு பெரிய பாம்பு காவல் காப்பதாக அந்த ஊரார் நம்பினார்கள். மாதாமாதம் அதற்குத் தேன் பணியாரம் படைப்பார்கள். கி.மு. 480இல் பாரசீகப் படை நெருங்கியபோது படையல் தொடப்படாமல் அப்படியே கிடந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதுகிறார். பூசாரி அம்மாள் இதை ஊருக்குச் சொன்னதும், அத்தீனாவே குன்றை விட்டுப் போய்விட்டாள் என்று எண்ணி மக்கள் இன்னும் வேகமாக நகரைக் காலி செய்தார்கள்.