இன்ஜின் மாத்தலாமா சார்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க அப்பா வச்சிருந்த 1994 அம்பாசடர், பெட்ரோல், பி.ஒய் 01 நம்பர். ஒரே புகை, ஆயிலும் குடிக்குது. பழைய ஸ்விஃப்ட் டீசல் இன்ஜின் ஒண்ணு சல்லிசா வருது, அதை ஏத்திட்டா மைலேஜும் வரும்னு ஃப்ரெண்டு சொல்றான். செய்யலாமா?
- லாஸ்பேட்டை வாசகர்

பதில்: ஃப்ரெண்டு மைலேஜ் கணக்கு மட்டும் போட்டிருக்கார், ஆர்.சி புக்க திறந்தே பாக்கல போல. மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, கம்பெனி ஆரம்பத்துல குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதையே அழுத்தமா சொல்லிடுச்சு. அதே மேக் (கம்பெனி), அதே டைப் இன்ஜின்னா ஆர்.டி.ஓ அனுமதியோட மாத்திக்கலாம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வண்டில மாருதி இன்ஜின், அதுவும் பெட்ரோல் போய் டீசல், இதுக்கு எந்த ஆபீஸ்லயும் சீல் விழாது. மாட்டிக்கிட்டா 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் குடுக்கலாம்.

சட்டத்த விடுங்க, உள்ள உக்காருமானு பாருங்க. அந்த 1248 சிசி இன்ஜின் ஸ்விஃப்ட்ல குறுக்க உக்காந்து முன் சக்கரத்த ஓட்டுது. அம்பாசடர்ல இன்ஜின் நீளவாட்டுல, புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியா பின் சக்கரத்துக்கு போகுது. அப்போ கியர் பாக்ஸ் வேற தேடணும், பெல் ஹவுசிங்குக்கு (இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ற மூடி) அடாப்டர் பிளேட் கடையணும், மவுண்டிங் வெல்டிங், ரேடியேட்டர், சைலன்சர், அப்புறம் இ.சி.எம் (இன்ஜின ஓட்டற கம்ப்யூட்டர்) வயரிங், சரியான சாவி இல்லன்னா ஸ்டார்ட் ஆக விடாத இம்மொபிலைசர்னு இழுத்துக்கிட்டே போகும், இவ்வளவு செஞ்சு முடிச்சதும் பிரேக் நாலும் பழைய டிரம்மாவே இருந்தா ஈ.சி.ஆர்ல 100-ல போறப்ப எப்படி நிறுத்துவீங்க? 

சிலர் இசுஸு இன்ஜின் போடலாமேனு கேப்பாங்க. 90-கள்ல கம்பெனியே 1817 சிசி இசுஸு பெட்ரோல் இன்ஜின் போட்டு அம்பாசடர் வித்துச்சு, அதனால உடம்புக்குள்ள பொருந்தும். ஆனா உங்க ஆர்.சி-ல 1489 சிசினு இருந்தா டைப் மாறுது, அதனால முதல்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்குங்க, கைல பேப்பர் வந்த பிறகு இன்ஜின தேடுங்க.

என்னைக் கேட்டா உங்களுக்கு வேண்டியது வேற இன்ஜினே இல்ல, நல்ல லேத். கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) செக் பண்ணுங்க. போர் (சிலிண்டர் உள்சுவர்) தேஞ்சிருந்தா ரீபோர் பண்ணி கடையணும், இல்லைனா ஸ்லீவ் (உள்ள புது குழாய்) ஏத்தணும், புது பிஸ்டன், ரிங், பேரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட்ல வால்வு கைடு, சீல். இன்ஜின் நம்பர் பிளாக்ல தான் அடிச்சிருக்கு, பிளாக் அதே இருக்கற வரைக்கும் ஆர்.டி.ஓ பக்கம் போகவே வேணாம். அப்பா வண்டி, அப்பா இன்ஜினோடயே ஓடட்டுமே.

கேள்வி: ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துல எங்க மாருதி 800 மூழ்கிடுச்சு, தண்ணி வடிஞ்சதும் சாவி போட்டேன், டக்குனு ஒரு சத்தம், அதோட நின்னது தான். இன்ஜின் போச்சு, சென்னை புதுப்பேட்டைல செகண்ட்ஸ் இன்ஜின் வாங்கிட்டு வாங்கனு மெக்கானிக் சொல்றார். வாங்கலாமா?
- கடலூர் புதுப்பாளையம் வாசகர்

பதில்: சாவி போட்டது தான் வினை. ஏர் ஃபில்டர் வழியா சிலிண்டருக்குள்ள போன தண்ணி காத்து மாதிரி அமுங்காது, பிஸ்டன் மேல வந்து மோதும்போது கனெக்டிங் ராடு வளையும். தென்பெண்ணை ஓரம் இருக்கறவங்க எல்லாரும் இத எழுதி வச்சுக்கங்க: தண்ணி ஏறின வண்டில பேட்டரி வயர கழட்டிட்டு, ஸ்பார்க் பிளக்க எடுத்துட்டு, ஆயில மாத்தி, இன்ஜின கைல சுத்தி தண்ணிய வெளியேத்தின பிறகு தான் ஸ்டார்ட்டர் பக்கமே போகணும்.

இப்போ உங்க விஷயம். ஆயில் சம்ப்ப (இன்ஜின் அடில இருக்கற ஆயில் தொட்டி) கழட்டி பாக்க சொல்லுங்க. ராடு மட்டும் வளைஞ்சிருந்தா ராடு, பிஸ்டன், பேரிங்கோட வேலை முடியும். ராடு பிளாக்க குத்தி ஓட்ட போட்டிருந்தா தான் வேற இன்ஜின். அப்படி வாங்கினா அதே 800 மாடல் இன்ஜினா வாங்குங்க, கார்புரேட்டரா எம்.பி.எஃப்.ஐ-யானு (பெட்ரோல இன்ஜெக்டர் வழியா தெளிக்கறது) பாருங்க. ஆம்னி இன்ஜினும் 796 சிசி தானேனு தலைல கட்டுவாங்க, ஆம்னில அது நீளவாட்டுல உக்காரும், உங்க வண்டில குறுக்க.

விலைய விட பேப்பர் முக்கியம். இன்ஜின் நம்பர் எழுதின பில், அந்த இன்ஜின் எந்த வண்டில இருந்து வந்துச்சோ அதோட ஆர்.சி நகல், திருட்டு வண்டி இல்லங்கற கிளியரன்ஸ், இதெல்லாம் இல்லாம நம்பர் தேய்ச்ச இன்ஜின யாராவது பாதி விலைக்கு குடுத்தா, பஸ் ஏறி ஊர் வந்து சேந்துடுங்க. மாத்தறதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கறது நல்லது. அவசரத்துல மாத்திட்டா, 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்.சி-ல புது நம்பர ஏத்தணும். லோன் பாக்கி இருந்தா ஃபைனான்ஸ்காரங்க எழுத்துல சம்மதிக்கணும். அப்படியே இன்ஷூரன்ஸ்லயும் நம்பர மாத்துங்க, இல்லன்னா நாளைக்கு கிளைம் போடறப்ப சர்வேயர் முதல்ல பாக்கறதே அந்த நம்பர தான்.

கேள்வி: டி.என் 31 (கடலூர்) நம்பர்ல பழைய மஹிந்திரா ஜீப் விலைக்கு வருது. ஆர்.சி-ல பெட்ரோல், பானட்டுக்குள்ள பீஜோ டீசல் இன்ஜின். வாங்கி புதுச்சேரிக்கு மாத்திடலாமா?
- பாகூர் வாசகர்

பதில்: இப்படியே வாங்காதீங்க தம்பி. மாநிலம் மாத்த ஃபார்ம் 28-ல என்.ஓ.சி (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) வாங்கணும், இங்க வந்ததும் பிரேக் இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் பாப்பார். எரிபொருளே ஒத்து வரலன்னா வண்டி ரெண்டு ஊருக்கும் நடுவுல தொங்கும். 2112 சிசி பீஜோ இன்ஜின் கம்பெனியே போட்டு வித்த ஜீப்பும் நிறைய இருக்கு, அந்த மாதிரி ஒண்ணு தேடுங்க. இது தான் வேணும்னா, விக்கறவரே கடலூர்ல ஆர்.சி-ய நேராக்கிட்டு வரட்டும், அது வரைக்கும் அட்வான்ஸ் கூட குடுக்காதீங்க.

கேள்வி: 1970 மாடல் ஃபியட்டுக்கு விண்டேஜ் நம்பர் எடுக்கணும். இன்ஜின் ஏற்கனவே மாத்தினது. கிடைக்குமா?
- மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: 50 வருஷம் தாண்டிடுச்சு, அந்த வரைக்கும் சரி. ஆனா 2021-ல வந்த விதிப்படி சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெருசா மாத்தம் செஞ்ச வண்டிக்கு 'விஏ'னு எழுத்து வர்ற அந்த விண்டேஜ் நம்பர் கிடையாது. ஒரிஜினல் இன்ஜின் ஷெட்ல எங்கயாவது கிடக்குதானு பாருங்க. புது பதிவுக்கு 20,000 ரூபா, 10 வருஷம் செல்லும், ஆனா அந்த வண்டிய தினம் எடுத்துக்கிட்டு காய்கறி வாங்க போக முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்கு தான்.

கேள்வி: பழைய பத்மினிய பேட்டரி வண்டியா மாத்தி தரேன்னு ஒருத்தர் சொல்றார். சட்டப்படி செல்லுமா?
- முத்தியால்பேட்டை வாசகர்

பதில்: இதுக்கு சட்டத்துலயே வழி இருக்கு, எரிபொருள மாத்தற கிட்டுக்கு 52-வது பிரிவு இடம் குடுக்குது. ஆனா கிட்டுக்கு ஏ.ஐ.எஸ் 123-ங்கற தரவிதிப்படி டைப் அப்ரூவல் (சோதிச்சு குடுக்கற அங்கீகாரம்) இருக்கணும், அதுவும் உங்க மாடலுக்கு பொருந்தறதா இருக்கணும், அப்புறம் ஆர்.சி-ல ஏத்தணும். ஆட்டோ மோட்டாரும் பேட்டரியும் வச்சு பட்டறைல கட்டித் தரது இந்த கணக்குல வராது. அந்த அப்ரூவல் பேப்பர காட்ட சொல்லுங்க, காட்டினார்னா ரேட் பேசுங்க.